கடல் இல்லாத ஊரில் ஒரு படகு

தென்னை மரம் சாயும்போது முதலில் மட்டைகள் சரசரக்கும். அப்புறம் தரை அதிரும். அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி வயிற்றில் வந்து நிற்கும். போன மே மாதக் கடைசியில், ஆனைமலைக்கும் வேட்டைக்காரன்புதூருக்கும் நடுவில் இருக்கிற அப்பாவின் தோப்பில், ஒரே நாளில் அதை 11 தடவை உணர்ந்தேன்.

வேர் வாடல் நோய். பொள்ளாச்சிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் உங்களுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கேரளத்தில் ஆரம்பித்து இந்தப் பக்கம் வந்தது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் மரத்துக்கு மரம் பரப்பிவிடும். மட்டையில் இருக்கும் கீற்றுகள் விறைப்பு இழந்து, விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்துவிடும். மரம் உடனே சாகாது. காய் குறைந்து குறைந்து, பெயருக்கு நிற்கும். குணமாக்க மருந்து இல்லை. முற்றிய மரத்தை வெட்டி அப்புறப்படுத்தினால் பக்கத்து மரமாவது தப்பலாம் என்கிறார்கள்.

அப்பா சாளைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிறந்த வருடம் அவர் கையால் வைத்த மரங்கள். வியாபாரி வந்து, செங்கல் சூளைக்கு விறகாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு தொகை சொன்னார். அப்பா பதிலே சொல்லவில்லை.

அப்போதுதான் என் மகன் கேட்டான். "அப்பிச்சி, இந்த மரத்துல ஒரு போட் கட்டலாமா?"

"போட்டா? எங்க கண்ணு உடறது, பிஏபி வாய்க்கால்லயா?"

வெட்டுக்கு வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பொள்ளாச்சியில் என்ன இல்லை? சந்தை இருக்கிறது, இளநீர் இருக்கிறது, மலை இருக்கிறது, சினிமா ஷூட்டிங் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை.

அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. 12 வயது. சென்னையில் இரண்டு வருடமாகப் பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறான். குழந்தைகளுக்கான அந்தப் படகுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. மூக்கே இல்லாமல், குளிக்கிற தொட்டிக்குப் பாய் கட்டியதுபோல இருக்கும். ஏன் அப்படி என்று கேட்டபோது அவன் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. பிளைவுட் பலகை எட்டடி நீளத்தில்தான் கடையில் கிடைத்தது. கூர்மையான மூக்கு வைத்தால் அந்த எட்டடியில் இடம் போய்விடும். அதனால் மூக்கைச் சதுரமாக வெட்டிவிட்டார். கைக்குக் கிடைத்த பலகைதான் படகின் வடிவத்தை முடிவு செய்திருக்கிறது.

'அப்படியானால் நம் கைக்குக் கிடைத்தது தென்னை' என்பது அவன் கணக்கு.

நானும் சிரித்துவிட்டுத்தான் போனேன். ராத்திரி போனில் தேடிப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 10-ம் நூற்றாண்டில் அபூ சைத் அல் சிராஃபி என்ற அரபு எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். ஓமன் நாட்டு ஆட்கள் தென்னை இருக்கும் தீவுகளுக்குத் தச்சுச் சாமான்களோடு போவார்களாம். மரத்தை வெட்டிக் காயவைத்துப் பலகை அறுப்பார்கள். நாரைக் கயிறாகத் திரித்து அந்தப் பலகைகளைத் தைப்பார்கள். பாய்மரமும் தென்னைதான். ஓலையைப் பின்னிப் பாய். கடைசியில் கப்பல் நிறையத் தேங்காய் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பி விற்பார்கள். மாலத்தீவின் 'தோணி' படகுகளும் பரம்பரையாகத் தென்னம்பலகையில் கட்டப்பட்டவைதான்.

காலையில் காபி குடிக்கும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். "முழுக் கப்பலுமா?" என்றார். பிறகு வியாபாரிக்குப் போன் போட்டு, "நாலு மரம் மட்டும் இருக்கட்டுங்க, மத்தத எடுத்துக்கங்க" என்றார்.

அன்று மதியமே எங்கள் ஊர் ஆசாரியை வரச் சொல்லிவிட்டார். ஆசாரி அடிமரத்தின் வெட்டுமுகத்தைப் பையனுக்குக் காட்டினார். ஓரம் முழுக்கக் கறுத்த நார், இரும்பு மாதிரி. நடுவில் வெளிறிப்போய்ப் பஞ்சு மாதிரி. வேம்பு, தேக்குக்கெல்லாம் நடுவில் வைரம் பாயும். தென்னைக்கு ஓரத்தில்தான் வைரம்.

"ஓரத்த மட்டும் அறுத்தாத்தான் பலகைங்கய்யா. அதுவும் நாலு விரக்கடை, அஞ்சு விரக்கடை அகலந்தான் வரும். ஆணி அடிச்சா ஆணி வளையும், இல்லாட்டிப் பலகை பொளக்கும். நடுத்தண்டுல அடிச்சா ஆணி நிக்கவே நிக்காது."

பையன் என்னைப் பார்த்தான். எனக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது. ஆணி நிற்காத மரத்தைத் தைக்கத்தானே முடியும்!

"எதுக்கு இந்த ரோதனை? தேக்குல பண்ணிப் போடலாமுங்க" என்றார் ஆசாரி. தேக்கு என்றதும் டாப்ஸ்லிப் போக ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆனைமலை தாண்டும்போது மாசாணியம்மன் கோயில் கூட்டத்தில் கால் மணி நேரம் போய்விட்டது. சேத்துமடை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளைப் பார்ப்பார்கள், வைத்திருந்தால் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மேலே மலைப்பாதை. போக நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். சாயங்காலத்துக்குள் கீழே இறங்கியாக வேண்டும்.

டாப்ஸ்லிப் என்ற பெயரே தேக்கால் வந்தது. வெட்டிய மரங்களை இந்த உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிடுவார்களாம். கீழே விழுந்ததை மாடுகளும் யானைகளும் இழுத்துக்கொண்டு போகும். 1840-களின் கடைசியில் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை இந்த வேலைக்கென்றே ஆங்கிலேயர்கள் இங்கே அனுப்பினார்கள். மரம் மேற்குக் கடற்கரைக்குப் போய், அங்கிருந்து பம்பாய் கப்பல் கட்டும் துறைக்குப் போகும். கொஞ்ச காலத்தில் ரயில்பாதைக் கட்டைகளுக்கும் இந்தக் காட்டையே வெட்டினார்கள்.

இங்கிலாந்தில் ஓக் மரம் இருக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு வரவேண்டும்? ஓக் தட்டுப்பாடு ஒரு காரணம். இன்னொன்று மரத்தின் குணம். ஓக் மரத்தில் இருக்கும் அமிலம், அதில் அடித்த இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஆணியையும் காக்கும், பலகையையும் காக்கும். வெயிலுக்கும் தண்ணீருக்கும் மாறி மாறிக் காட்டினாலும் அவ்வளவாகச் சுருங்காது, விரியாது. பம்பாயில் வாடியா குடும்பத்தினர் மலபார் தேக்கில் கட்டி 1817-ல் தண்ணீரில் இறக்கிய 'திரிகோணமலை' என்ற போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. 200 வருடம் தாண்டியாகிவிட்டது. ஆனைமலைத் தேக்குக்கு முறை வந்தது அதற்குச் சுமார் 30 வருடம் கழித்து.

இன்று டாப்ஸ்லிப்பில் நாம் பார்க்கும் தேக்குகளில் பெரும்பாலானவை நட்டு வளர்த்தவை. அந்த வேலையில் பெயர் எடுத்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் குழி போட்டு, பையிலிருந்து விதை எடுத்துப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இங்கே கதை சொல்வார்கள். 1933-ல் இறந்தவரை, அவர் விருப்பப்படியே இந்த மரங்களுக்கு நடுவில் புதைத்திருக்கிறார்கள். அப்பா அந்தக் கல்லறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். "வெச்சவன் பக்கத்துலயே படுத்துட்டான் பாரு" என்று மட்டும் சொன்னார்.

தேக்கு வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. விலை ஒரு பக்கம். 12 வயதுப் பையனின் எட்டடிப் படகுக்கு 100 வருடம் நிற்கிற மரம் எதற்கு? மூன்று வருடத்தில் அவன் அந்தப் படகுக்குள் உட்கார முடியாத அளவுக்கு வளர்ந்துவிடுவான்.

மலையை விட்டு இறங்கியதும் சாலையோரத் தோட்டம் ஒன்றில் மலைவேம்பு வரிசையாக நின்றது. சீக்கிரம் வளரும், எடை குறைவு. பிளைவுட் கம்பெனிக்காக நட்டிருப்பார்கள். கட்டுமரத்துக்கு விரும்பி எடுக்கிற இலேசான மரங்களில் மலைவேம்பும் ஒன்று. வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே பையனுக்குக் கட்டுமரத்தைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அதில் ஒரு ஆச்சரியம் இருந்தது. அவன் பார்த்த 'கேட்டமரன்' படகுகளுக்கெல்லாம் இரண்டு உடல் இருக்கும், நடுவில் வலை கட்டியிருக்கும். நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு ரொம்பக் குறைவு. 17-ம் நூற்றாண்டுக் கடைசியில் சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி எழுதி வைத்தது வழியாகத்தான் நம் சொல் அவர்கள் மொழிக்குள் போனது. பிற்பாடு அதை வேறு படகுக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

நம் கட்டுமரம் என்பது செதுக்கிய சில மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அவ்வளவுதான். உள்ளே குழி கிடையாது என்பதால் தண்ணீர் தேங்கி மூழ்கும் பேச்சே இல்லை. மேலே ஏறிய அலை இடுக்கு வழியாக இறங்கிவிடும். துறைமுகம் இல்லாத கரையில் அலையை உடைத்துக்கொண்டு போகவும், திரும்பி வந்து மணலில் ஏறவும் அதுதான் சரி. ஒரே ஒரு தொந்தரவு, மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப் போட்டுவிடுவார்கள். மறுபடி கட்டுவதற்குத்தானே கயிறு!

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன, கூடவே மோட்டாரும். பாய் விரித்த கட்டுமரத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமானால் இப்போது தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஃபைபருக்குக் காய்ச்சல், வாடல் எதுவும் கிடையாது. மீன் பிடிக்கப் போகிறவர் அதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ராத்திரி மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் அவர்தான், நான் இல்லை.

"அப்பக் கட்டுமரமே கட்டிரலாமா அப்பிச்சி?"

"நீதான கண்ணு தென்னைன்னு சொன்ன? நாலு மரம் அங்க கெடக்குதல்ல?" அப்பா விடுவதாக இல்லை.

வீட்டுக்கு வந்து காலண்டர் பின்பக்கத்தில் பையன் படம் போட்டான். எட்டடி நீளம், தட்டையான அடி, சதுர மூக்கு. காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து போக நடுவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும் என்று அப்பாவுக்கு விளக்கினான். பாய்மரத்துக்கு மூங்கில். பலகை குறுகலாக இருப்பதால் இணைப்பு நிறைய வரும், தையலும் நிறைய வரும். இதெல்லாம் செரி, தைத்த படகு ஒழுகாதா என்பதுதான் அப்பாவின் கேள்வி.

நியாயமான கேள்வி. 13-ம் நூற்றாண்டில் இந்தக் கப்பல்களைப் பார்த்த மார்கோ போலோ, ஆணி இல்லாத இவற்றில் ஏறுவதே ஆபத்து என்று முகம் சுளித்தார். அடுத்த நூற்றாண்டில் இப்னு பதூதா நேர்மாறாகச் சொன்னார். பாறைகள் நிறைந்த கடலில் ஆணி அடித்த கப்பல் மோதினால் உடையும், கயிற்றால் தைத்ததோ வளைந்து கொடுக்கும் என்றார். என் ஓட்டு பதூதாவுக்கு. காரணம் சென்னைதான். அங்கே 1870-களில் துறைமுக வேலை ஆரம்பிக்கும்வரை, கப்பல்கள் தூரத்தில் நிற்க, ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை 'மசூலா' படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் நார் அடைத்தவை. உள்ளே விலாச் சட்டம்கூட இருக்காது. விறைப்பான ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரைதட்டி நொறுங்கும் இடத்தில், மசூலா கூடைபோல நெளிந்து கரையேறும். கொஞ்சம் ஒழுகும்தான், ஆள் வைத்து இறைத்துக்கொள்வார்கள்.

தைக்கிற வித்தை அழிந்துவிடவும் இல்லை. 1980-ல் டிம் செவரின் ஓமனில் 'சோஹார்' என்ற கப்பலைக் கேரளத்து அயினி மரப் பலகையில், சுமார் 400 மைல் நீளக் கயிற்றால் தைத்துச் சீனாவரை ஓட்டிக்கொண்டு போனார். நம் கடற்படையின் 'கௌண்டின்யா' அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய தைத்த கப்பல். பாபு சங்கரன் தலைமையில் கேரளத் தச்சர்கள் தைத்தார்கள். 2025 டிசம்பர் 29-ல் போர்பந்தரில் கிளம்பி, பாயை மட்டும் நம்பி, ஜனவரி மத்தியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது. இன்னொரு வேடிக்கை, 1960-களில் இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொள்ளும்படி வந்த 'மிர்ரர்' என்ற சின்னப் பாய்மரப் படகு. பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டில் ஃபைபர் நாடாவும் பசையும் போட்டு ஒட்டுவது. 70,000-க்கு மேல் கட்டிவிட்டார்களாம். வெள்ளைக்காரரும் கடைசியில் தையலுக்கே வந்துவிட்டார்!

"கயித்துக்கு என்ன பஞ்சம்? நம்ம ஊர்ல இல்லாத மஞ்சியா?" என்று அப்பா உற்சாகமாகிவிட்டார். மறுநாள் மூன்று பேரும் தெரிந்தவர் ஒருவரின் மஞ்சி மில்லுக்குப் போனோம்.

மில்லைச் சுற்றி மட்டை மலை. ஒரு பக்கம் இயந்திரம் மட்டையை அடித்துக் கிழிக்க, மறு பக்கம் பொன்னிறமாக மஞ்சி வந்து விழும். களத்தில் பெண்கள் அதைப் புரட்டிப் போட்டுக் காயவைக்கிறார்கள். தூசியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அவர்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். பெரும்பகுதி கட்டுக்கட்டாகச் சீனாவுக்குக் கப்பல் ஏறுகிறது, மெத்தைக்கு.

விஷயத்தைக் கேட்டதும் மில்காரர் தலையை ஆட்டினார். "இது ஆவாதுங்கண்ணா. மெஷின் அடிச்சு நார் துண்டு துண்டாப் போயிருது. மெத்தைக்குச் சரி, கால்மிதிக்குச் சரி. கடல் தண்ணியில நிக்கற கயிறுன்னா பச்சை மட்டைய மாசக்கணக்குல தண்ணியில ஊறப் போட்டு, கையால அடிச்சு எடுக்கோணும். அது ஆலப்புழா பக்கத்து வேலைங்க."

செவரினும் இதையேதான் கண்டுபிடித்தார். இயந்திரக் கயிறு உதவாது என்று லட்சத்தீவில் ஊறவைத்துக் கையால் திரித்த கயிறாக வாங்கினார். ஊருக்கே மஞ்சி தருகிற பொள்ளாச்சியில், எட்டடிப் படகைத் தைக்க ஒரு பந்து கயிறு கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. பையன் கடைசியில், "செப்புக் கம்பி வாங்கிக்கலாம் அப்பிச்சி. பிளைவுட்ல பண்ணினா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்" என்றான். சரியான யோசனைதான். நான்கூடச் சரி என்றேன்.

அப்பா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "எங்கய்யன் காலத்துல கவலை எறைக்கற வடம் ஊட்டுலதான் திரிப்பாங்க. மட்டைய இந்தக் குட்டையிலதான் போட்டு வெப்போம். நாத்தம் ஊரைத் தூக்கும். நான் அடிச்சிருக்கறேன், எனக்குக் கை மறக்கல" என்றார்.

அன்று சாயங்காலமே, சாய்ந்த மரங்களிலிருந்து இறக்கிய பச்சைக் காய்களை உரித்து, மட்டையைச் சாக்கில் கட்டி, பழைய தொட்டியில் போட்டார். மிதக்காமல் இருக்க மேலே கல். ஆசாரி நாலு மரத்தின் ஓரத்தையும் பலகையாக அறுத்து, வெயில் படாமல் மாட்டுக்கொட்டகையில் இடைக்கட்டை வைத்து அடுக்கினார். பலகை காயவும் மாசக்கணக்கு ஆகுமாம். இரண்டும் ஒன்றாகத் தயாராகட்டும் என்றார் அப்பா.

நாங்கள் சென்னை கிளம்பிய அன்று கணவாய்க் காற்று ஆரம்பித்திருந்தது. தோப்பு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்தது, வெட்டிய இடத்தில் மட்டும் வானம். பையன் விரலை எச்சில் தொட்டு நீட்டி, "சூப்பர் காத்துமா, இது வீணாப் போகுது" என்றான்.

போன வாரம் அப்பா போன் செய்தார். நாற்றம் தாங்காமல் அம்மா தொட்டிப் பக்கமே போவதில்லையாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து என்னவென்று பார்த்துவிட்டுப் போனாராம். இன்னும் இரண்டு மரத்துக்குக் கீற்று வளைய ஆரம்பித்திருக்கிறது என்றும் சொன்னார், அதைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். பிறகு பையனிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஏங்கண்ணு, தைக்குள்ள ஊறிரும். பொங்க லீவுக்கு எத்தன நாளு உடறாங்க?"